தாப்பா மலையோரத்தில் தனியாக நடப்பது

மலேசியாவின் பேரா மாநிலத்தில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் சில கிலோமீட்டர் போனதுமே தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கிவிடுகிறது. அந்த எல்லையை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். என் பெற்றோர் இருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். பள்ளி அலுவலக வேலைக்கு விடுமுறை கிடைக்கும் நாள்களில், துணை யாரும் இல்லாமல் மலைப்பாதையில் நடந்துவிட்டு வருவது நெடுநாளாக என் பழக்கம். இதைக் கேள்விப்படும் நம்மவர்களில் மூத்தவர்கள், "புலி அடிச்சிப் போட்டா யாரும்மா வந்து தூக்குவாங்க?" என்று கடிந்துகொள்கிறார்கள். வார இறுதிதோறும் சிகரத்தில் நின்று படம் எடுத்துப் போடும் இளையவர்களோ, தனியாகப் போவதையே ஒரு வீரச்செயலாகக் கருதி, எப்படிப் போவது என்று என்னிடம் வழி கேட்கிறார்கள். இரு தரப்பாரும் ஆபத்து இருக்கும் இடத்தைத் தவறாகக் கணிக்கிறார்கள் என்பது என் எண்ணம். காட்டில் தனியாக இருப்பது அவ்வளவு பெரிய ஆபத்தில்லை. நாம் எங்கே போனோம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை அறிந்த ஓர் ஆள் காட்டுக்கு வெளியே இல்லாமல் போவதுதான் ஆபத்து.

முதலில் புலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2016 முதல் 2020 வரை நடத்தப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, தீபகற்ப மலேசியாவின் காடுகளில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. நான் இதுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்க நேர்ந்தால் அது என் அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்பதை அப்போது முடிவு செய்துகொள்ளலாம். உண்மையில் நான் அஞ்சுபவை வேறு. கூட்டைத் தெரியாமல் உரசிவிட்டால் விரட்டி விரட்டிக் கொட்டும் தெபுவான் குளவிகளுக்கு அஞ்சுகிறேன். மழை பெய்து ஓய்ந்த பிறகு, காற்றே இல்லாத நேரத்தில் திடீரென முறிந்து விழும் பட்ட கிளைகளுக்கு அஞ்சுகிறேன். எல்லாவற்றையும் விட, பாசி படர்ந்த ஒரு வேரின் மீது கால் வைத்து வழுக்கிக் கணுக்கால் பிசகுவதற்கு அஞ்சுகிறேன். கணுக்கால் பிசகுவது நகரத்தில் மூன்று நாள் மருத்துவ விடுப்பு. இரண்டு பேராகப் போயிருந்தால் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றவர் நொண்டி நொண்டி இறங்கிவிடலாம். தனியாக இருப்பவருக்கு அதே பிசகு, மாலைக்குள் வீடு திரும்ப முடியாத நிலையாகவும், இரவெல்லாம் நனைந்த உடையோடு நடுங்கும் நிலையாகவும், மறுநாள் யாராவது தேடினால் மட்டுமே தீரும் சிக்கலாகவும் வளர்ந்துவிடுகிறது. தனிமை புதிய விபத்து எதையும் உண்டாக்குவதில்லை, ஆனால் சின்ன விபத்தைப் பெரிதாக்கிவிடுகிறது.

நேரக்கணக்கும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைல் தூரத்திற்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். திறந்த புல்வெளி மலைகளுக்கு அது பொருந்தலாம். நம் பக்கத்துக் காட்டில், விழுந்து கிடக்கும் மரங்களின் மேல் ஏறி இறங்கி, பிரம்புக் கொடியின் வளைந்த முள் சட்டையைப் பற்றும்போதெல்லாம் நின்று, பின்னால் ஓரடி வைத்து விடுவித்துக்கொண்டு நடப்பவர், அந்தக் கணக்கைப் போல இரு மடங்கு நேரம் ஒதுக்கினாலும் வியப்பில்லை. பேராவில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்குப் பிறகுதான் மறைகிறது என்றாலும், மரக்கூரைக்குக் கீழே ஆறு மணிக்கே பாதை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே, எவ்வளவு தூரம் வந்திருந்தாலும், சிகரம் கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும், நண்பகல் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடுவது என்று வைத்திருக்கிறேன். கூட்டமாகப் போகும்போது இந்த விதியைக் காப்பது கடினம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று யாராவது ஒருவர் இழுத்துக்கொண்டே இருப்பார். தனியாகப் போகும்போது இழுப்பதற்கு ஆளில்லை என்பதால், இந்த ஒரு விஷயத்தில் தனி நடை கூட்டு நடையை விடப் பாதுகாப்பானது என்றே சொல்வேன்.

தனியாகக் காட்டோரம் நடப்பதை நம் சமூகத்திற்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. விடியற்காலை இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தனக்கு ஒதுக்கிய நிரையில் மரம் மரமாக நடந்த என் அம்மா, அரை நாளைத் தனியாகத்தான் கழித்தார். அவருடைய நிரைகளில் சில காட்டை ஒட்டியவை. பன்றியும் பாம்பும் அங்கே அன்றாடம். ஆனால் அந்தத் தனிமைக்கு இரு முனைகளிலும் ஓர் ஆள் நின்றார் என்பதை நான் பெரியவளான பிறகுதான் கவனித்தேன். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நின்று பெயர் கொடுக்காமல் யாரும் மரத்துக்குப் போக முடியாது. எந்த நிரைக்கு யார் போயிருக்கிறார் என்பது மேற்பார்வையாளரான மண்டோருக்கு மனப்பாடம். மதியத்திற்கு முன் மரத்தில் கட்டிய மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டு, எல்லாரும் நிறுவைக்கு வந்து சேர வேண்டும். வரிசையில் ஒருவர் குறைந்தால், "அவ எங்க இன்னும் காணோம்?" என்று பத்து நிமிடத்திற்குள் கேள்வி எழும், கேள்வி எழுந்ததும் அந்த நிரைக்கே நேராக ஆள் போகும். பால் குறையக் கூடாது என்பதற்காக நிர்வாகம் வகுத்த ஏற்பாடுதான் அது, தொழிலாளர் மீது கொண்ட அக்கறையால் வந்தது என்று நான் ஏமாற மாட்டேன். இருந்தாலும், தனியாகப் போகிறவருக்கு வேண்டிய அனைத்தும் அதில் இருந்தது: இடம் தெரியும், நேரம் தெரியும், வராவிட்டால் தேட வேண்டியது யார் என்பதும் தெரியும்.

இன்றும் நான் இதையே செய்கிறேன். புறப்படுவதற்கு முன்தின இரவு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது இவ்வளவுதான்: எந்தப் பாதை, வண்டியை எங்கே நிறுத்துகிறேன், என்ன நிறச் சட்டை, எத்தனை மணிக்குள் அழைப்பேன், அதற்குப் பிறகும் அழைக்காவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. சொன்ன நேரம் கடந்தால் தயங்காமல் 999க்கு அழைக்கும் துணிவு இருந்தால் போதும். இந்தத் துணிவு எல்லாரிடமும் இருப்பதில்லை. தேவையில்லாமல் பொம்பாவை, அதாவது தீயணைப்பு மீட்புப் படையை, வரவழைத்துவிட்டோமோ என்று வெட்கப்பட்டு, இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம் என்று காத்திருப்பவரை இந்தப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கைப்பேசியை நம்பிப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: சாலையை விட்டு இறங்கி இரண்டு வளைவு உள்ளே போனால் லைன் கிடையாது.

மூத்தவர்களின் அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன், அதற்கு வரலாறு உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்ட மக்களை முள்வேலிக்குள் கூட்டிவைத்தார்கள். ஊரடங்கு நேரத்தில் வெளியே காணப்பட்டால் சுடப்படலாம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயந்து, வேலைக்குப் போகிறவர் கையில் சோறு கொண்டுபோகவும் தடை இருந்தது. அந்தக் காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள்தாம் இன்று நம் வீடுகளில் உள்ள பாட்டன் பாட்டிகள். காட்டோரத்திலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், காட்டுக்குள் காலெடுத்து வைப்பதை நம்மவர்கள் தவிர்த்ததற்குப் பேய்க்கதைகளோடு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்ச் சாலையின் மேல் முனையில் நடந்த ஒரு சம்பவம் உலகப் புகழ்பெற்றது. தாய்லாந்துப் பட்டு வணிகத்திற்குப் புத்துயிர் கொடுத்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், தானா ராத்தாவில் நண்பர்களோடு தங்கியிருந்த பங்களாவிலிருந்து தனியாக வெளியே நடந்து போனார். மற்றவர்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் திரும்பவேயில்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி தடம் பார்ப்பவர்கள் என நூற்றுக்கணக்கானவர்கள் பல நாள் தேடியும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. கடத்தல் என்றும், புலி என்றும், உளவு விவகாரம் என்றும் இன்றுவரை விதவிதமாகப் பேசுகிறார்கள். இந்தக் கதைகளில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவுப் பிரிவில் பணியாற்றிய, காட்டு நடையில் விருப்பமுள்ள, அனுபவசாலியான ஒருவர் அவர். என்ன நடந்திருந்தாலும், எந்தத் திசையில் போனார் என்பது தெரியாததால், தேடுவதற்கு எல்லாப் பக்கமும் காடாக இருந்தது. எத்தனை நூறு பேர் தேடினாலும், தொடங்க வேண்டிய இடம் தெரியாவிட்டால் அந்த எண்ணிக்கையால் பெரிய பயன் இல்லை.

வழி தவறியவர்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவார்கள் என்பதை நம் ஊரில் 'பேய் அழைத்துப் போனது' என்பார்கள். 2009இல் யான் சௌமன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஜெர்மனியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சமதளமான பெரிய காடு ஒன்றில் சிலரை இறக்கிவிட்டு, ஒரே திசையில் நேராக நடக்கச் சொல்லி, அவர்கள் போன வழியை ஜிபிஎஸ் கருவியால் பதிவு செய்தார்கள். வெயில் இருந்த நாளில் நடந்தவர்கள் ஏறத்தாழ நேராகவே போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள், தாங்கள் முன்பு கடந்த பாதையையே மறுபடி கடந்தும் அதை உணராமல், வட்டமடித்தார்கள். நம் காட்டில் உச்சி வெயிலில்கூடத் தரையிலிருந்து சூரியனைக் காண முடியாத இடங்களே அதிகம். எனவே பாதை மறைந்துவிட்டது என்று தோன்றிய அந்தக் கணத்திலேயே நின்றுவிட வேண்டும், 'கொஞ்சம் முன்னால் போனால் தெரிந்துவிடும்' என்று எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் தேடுபவருக்கு வேலையைக் கூட்டுகிறது. நின்று, தண்ணீர் குடித்து, கடைசியாகப் பார்த்த அடையாளத்தை நினைவுபடுத்தி, அதுவரை திரும்பி நடக்கலாம். அது முடியாது என்றால் அங்கேயே உட்கார்ந்து விசில் ஊத வேண்டும். நிமிடத்திற்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதுவது மலையேறிகளிடையே அறியப்பட்ட உதவிக் குறி. தொண்டை அரை மணி நேரத்தில் கம்மிவிடும்; விசிலுக்கு அந்தக் கவலையில்லை.

ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வந்துவிடும் என்று ஓர் அறிவுரை எப்போதும் உலவுகிறது. அதற்குச் சான்றாக யூலியானே கோப்கேயைச் சொல்வார்கள். 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டு மழைக்காட்டின் மேல் மின்னல் தாக்கிச் சிதறிய விமானத்திலிருந்து, இருக்கையோடு விழுந்து உயிர் தப்பிய பதினேழு வயதுப் பெண் அவர். உயிரியலாளர்களான பெற்றோரிடமிருந்து காட்டைப் பற்றிக் கற்றிருந்ததால், நீரோட்டத்தைப் பின்பற்றி நடந்து, பதினொரு நாளில் மரவேலை செய்வோரின் குடிசையை அடைந்தார். அது அமேசான் படுகையின் தாழ்நிலம். நம் தித்திவங்சா மலைத்தொடரின் சரிவில் ஓடை என்றால் வழுக்குப் பாறை, செங்குத்தான அருவி, அதற்குக் கீழே இன்னோர் அருவி. மேலும், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மலை உச்சியில் பெய்த மழை திரண்டு மரத்துண்டுகளோடு சுவர்போல் இறங்கிவரும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயிர்' என்று சொல்லும் இந்தத் திடீர் வெள்ளம் 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராய் அடிவாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. தெளிந்த நீர் சட்டென்று கலங்குவதும், சருகும் குச்சியும் மிதந்து வருவதும், ஓசை தடிப்பதும் அதன் முன்னறிகுறிகள். கூட்டத்தின் கலகலப்பில் இவற்றைத் தவறவிடுவது எளிது. தனியாகப் போகிறவர் காதைத் திறந்து வைத்திருக்கலாம், ஆனால் வெள்ளம் இழுத்தால் கைகொடுக்க யாரும் இல்லை. ஓடையைக் கடக்க வேண்டிய பாதைகளை மழை மாதங்களில், அதாவது ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில், நான் தனியாக எடுப்பதேயில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, பின் ஏன்தான் போகிறாய் என்று கேட்பது நியாயம். என்னிடம் உள்ள பதில், காதைப் பற்றியது. இரண்டு பேர் நடந்தால் ஒரு பேச்சு இருக்கும். பேச்சில்லாவிட்டாலும் பேசப்போகிறோம் என்ற எண்ணம் இருக்கும். அது இல்லாதபோது, முதல் அரை மணி நேரம் சொந்த மூச்சுதான் கேட்கிறது. அதன் பிறகே காடு கேட்கத் தொடங்குகிறது. காலை ஒன்பது மணியளவில் எங்கோ எதிர் முகட்டில் சியாமாங் குரங்குகள் தொண்டைப் பையை ஊதிக்கொண்டு கூவுவது, பள்ளத்தாக்கைக் கடந்து நெஞ்சில் அதிர்கிறது. இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால், பறவையைப் பார்ப்பதற்கு முன்பே, பழைய நீராவி ரயில் ஏற்றத்தில் மூச்சிரைப்பதுபோல் அதன் இறகடிப்பு கேட்கும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் வேறொன்றும் நடக்கிறது. ஓடையோர ஈரமணலில் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிகள், கறுப்பு இறகில் பச்சைப் பற்கள் வரிசையாகப் பதித்தவை, உப்பை உறிஞ்ச வந்து இறங்கின. என் காலணிக்கு ஒரு முழத் தொலைவில், நான் அங்கே இருப்பதைப் பொருட்படுத்தாமல், கழுத்தின் சிவப்பு தெரியத் தலையைத் தாழ்த்தி நெடுநேரம் குடித்துக்கொண்டிருந்தன. இன்னொருவர் உடன் வந்திருந்தால் "அதோ பார்" என்று கை நீட்டியிருப்போம், அவை எழுந்து போயிருக்கும்.

அட்டைகளோடும் ஒருவகை அறிமுகம் ஏற்பட்டுவிட்டது. தரையிலிருந்து ஏறும் பழுப்பு அட்டை கடிப்பது தெரியாது. சாக்ஸ் நனைந்த பிறகே ரத்தம் என்று புரியும். இலை நுனியில் பின்பக்கத்தை ஊன்றி, முன்பக்கத்தைக் காற்றில் சுழற்றித் தேடிக்கொண்டிருக்கும் மஞ்சள் கோடு போட்ட அட்டை கடித்தால் சுருக்கென்று எரியும். அம்மா காலத்துப் புகையிலைத் தண்ணீர் வைத்தியம் இரண்டுக்குமே ஓரளவு வேலை செய்கிறது.

முடிவெடுப்பதும் எனக்குப் பிடித்த பகுதி. அலுவலகத்திலும் வீட்டிலும் எல்லாவற்றையும் நாலு பேரைக் கேட்டுச் செய்யும் வாழ்க்கையில், இந்தப் பாறையில் கால் வைப்பதா வேண்டாமா, மேகம் கறுக்கிறது, இப்போதே இறங்குவதா என்பவற்றை நானே தீர்மானித்து, அதன் விளைவையும் நானே ஏற்கும் சில மணி நேரம் எனக்கு அவசியமாக இருக்கிறது. பெண்ணாக இருப்பதால் இதன் அருமை சற்றுக் கூடுதலாகவே தெரிகிறது. பெண்ணாக இருப்பதால் வரும் ஆபத்தையும் மறைக்க வேண்டியதில்லை. விலங்குகளைவிட, தோட்ட எல்லையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பைகளோடு உள்ளே போகும் முகம் தெரியாத ஆண்களைப் பார்த்தால்தான் நான் திரும்பிவிடுகிறேன். அவர்கள் விலங்குகளைத் திருட்டுத்தனமாகப் பிடிக்கக் கம்பிக் கண்ணி வைப்பவர்களாக இருக்கலாம், சட்டத்துக்கு மறைந்து நடமாடுபவர்கள். சாட்சி ஒருவர் வருவதை விரும்பமாட்டார்கள். அடிவாரத்துக் கம்போங்கில் (கிராமத்தில்) உள்ள, ஓராங் அஸ்லி இனத்தவரான செமாய் குடும்பங்களில் சிலரை எனக்குத் தெரியும். அங்கே ஒரு பெரியவரிடம், "பாக்சிக், மேலே யாராவது போனார்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். அவர் ஒருமுறை தலையை மட்டும் ஆட்டி, "இன்றைக்கு வேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லாத்தா இஸ்கண்டார் அருவி வரை வண்டியோட்டிப் போய், கடையில் சோளம் வாங்கித் தின்றுவிட்டு வந்தேன்.

சுமக்கும் பொருள்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், சொல்வதற்கு அதிகம் இல்லை. விசில், தலைவிளக்கு, அதற்கு மாற்று பேட்டரி, நெகிழிப் பையில் சுற்றிய உலர்ந்த சட்டை, மழைத்துணி, எதிர்பார்ப்பதைவிட ஒரு போத்தல் கூடுதல் தண்ணீர், காயத்துக்குக் கட்டும் நீளத் துணி, பவர் பேங்க். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். நனைந்த உடலுக்கு நம் மலையின் குளிரே போதுமானது என்பதால் அந்த உலர்ந்த சட்டையை யாரும் விட்டுவிட வேண்டாம். காலணிக்கு, பால் வெட்டுபவர்கள் போட்ட அதே கறுப்பு ரப்பர் காலணி, 'கம்போங் அடிடாஸ்' என்று எல்லாரும் சொல்வது. சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது, அடிப்பகுதிக் குமிழ்கள் சேற்றைப் பற்றுகின்றன, நனைந்தாலும் கனப்பதில்லை. நூற்றுக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வாங்கிய பூட்ஸ் ஈர வேரின் மீது வழுக்குவதைப் பார்த்த பிறகு நான் வேறெதையும் அணிவதில்லை.

எல்லா மலையும் தனி நடைக்கு உரியது என்று யாரும் இதைப் படித்துவிட்டு எண்ணிவிடக் கூடாது. நிரந்தர வனக் காப்பகத்திற்குள் வன இலாகாவின் பெர்மிட் இல்லாமல் நுழைவது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். பெர்மிட் வாங்கும் அலைச்சலைப் பலர் திட்டுகிறார்கள். தேவையற்ற படிவங்கள் அதில் இருக்கின்றன என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் உள்ளே போனவரின் பெயரும் திரும்பும் நாளும் ஒரு மேசையில் எழுதப்பட்டிருப்பது, அம்மா நின்ற பெரட்டைப் போன்ற ஏற்பாடுதான் என்பதால் நான் முணுமுணுக்காமல் கொடுத்துவிடுகிறேன். குவாலா வோவிலிருந்து ஏறும் குனோங் பத்து பூத்தே 2,131 மீட்டர் உயரம். இரவு தங்கிப் போக வேண்டிய மலை. அங்கே நான் தனியாகப் போவதில்லை, போகவும் மாட்டேன். மாலிம் குனோங் எனப்படும் மலை வழிகாட்டி ஒருவரோடும், நடக்கும்போது அதிகம் பேசாத சில நண்பர்களோடும் போவதாக ஏற்பாடு. மழை குறைந்த பிப்ரவரிக்குப் பெர்மிட் கேட்டிருக்கிறோம். குழுவில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது.